கல்லுக்கு வலிக்காது



சில மாதங்களாகக் குருமனைக்கு வருகிறவர்களில் பலர், "பின்கட்டில் என்ன சத்தம், ஐயா?" என்று கேட்கிறார்கள். லாரியிலிருந்து ஜல்லி ஓயாமல் சரிவது போன்ற அந்த ஓசை இரவும் பகலும் நிற்பதில்லை. கடந்த கிறிஸ்துமஸுக்கு என் மகன் வாங்கித் தந்த ஒரு சிறு இயந்திரத்தின் ஓசை அது. வீட்டிலேயே கற்களை உருட்டி மெருகேற்ற உதவும் அந்த இயந்திரத்துக்கு ராக் டம்ளர் என்று பெயர். பெட்டியின்மேல் அச்சிட்டிருந்ததைப் படித்த என் மனைவி, "கல்லுல காப்பி டம்ளரா?" என்று கேட்டதை நினைத்து இன்றும் எங்கள் வீட்டில் சிரிக்கிறோம்.

இந்த இயந்திரத்தை உவமையாக வைத்து நான் மூன்று சபைகளில் பிரசங்கம் செய்திருக்கிறேன். அப்போதெல்லாம் அதை நான் கண்ணால் கண்டதில்லை. இருட்டான பீப்பாய்க்குள் கற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, முனைகள் மழுங்குகின்றன, வெளியே வரும்போது ஒவ்வொரு கல்லும் மின்னுகிறது. தேவன் உங்களையும் அவ்வாறே மெருகேற்றிக்கொண்டிருக்கிறார், ஆகையால் பொறுத்திருங்கள் என்று முடிப்பேன். உங்களில் சிலர் அதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பிரசங்கத்தின் ஒரு பகுதியை இன்று திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு மோட்டார் இரண்டு தண்டுகளைச் சுழற்றுகிறது. அவற்றின்மேல் ஒரு ரப்பர் பீப்பாய் படுத்தவாக்கில் உருளுகிறது. பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கு கற்களை நிரப்பி, மேல்வரிசைக் கற்கள் சற்றே தலைகாட்டும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, கார்பரண்டம் தூளைப் போட்டு இறுக மூடவேண்டும். கார்பரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு; சாணைச் சக்கரங்களைச் செய்யவும் அதுவே பயன்படுகிறது. அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் 1890-களின் தொடக்கத்தில் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கிடைத்த பொருள் அது.

தூளுக்கு, உப்புத்தாளுக்கு இருப்பதைப் போலவே எண் உண்டு. எண் ஏற ஏறத் தூள் நைசாகும். முதல் வாரம் 60-க்கும் 90-க்கும் இடைப்பட்ட பருந்தூள். இரண்டாம் வாரம் 120-க்கும் 220-க்கும் இடைப்பட்டது. மூன்றாம் வாரம் 500 அளவிலான நைசுத்தூள். இறுதியில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மெருகுத்தூள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாரம் என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. கரடுமுரடான கல்லானால் முதல் கட்டம் மட்டுமே இரண்டு மூன்று வாரங்கள் நீளும்.

ஆப்பிள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், 1995-ல் அளித்த ஒரு பேட்டியில் இத்தகைய இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். சிறுவயதில் பக்கத்து வீட்டு முதியவரோடு சேர்ந்து சாதாரணக் கற்களைத் தகர டப்பாவில் போட்டதாகவும், மறுநாள் திறந்தபோது அவை அழகாக மெருகேறியிருந்ததாகவும் கூறினார். திறமையுள்ளவர்கள் ஒருவரோடொருவர் உரசி மெருகேறுவதற்கு அதை உவமையாக்கினார். கேட்பதற்கு நல்ல உவமைதான். ஆனால் வெங்கச்சங்கல்லைப் பீப்பாயில் போட்ட எவரும் மறுநாள் மெருகைக் காணமாட்டார்கள். சாம்பல்நிறச் சேற்றைத்தான் காண்பார்கள். உவமை சொல்லுகிறவர்கள் காலத்தைச் சுருக்கிவிடுகிறோம். நானும் அவ்வாறே செய்தேன். முப்பது நாளை அரை நிமிடத்தில் சொல்லி முடித்தேன்.

என் பிழை அதனோடு நிற்கவில்லை. கற்கள் மோதுவதால் மெருகேறுகின்றன என்று நான் பிரசங்கித்தேன். அது உண்மையன்று. பீப்பாய் சுழலும்போது கற்கள் ஒரு பக்கமாக ஏறுகின்றன; மேலடுக்கு மெல்லச் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சிக்கும் தூள்தான் உரைக்கிறது. பலமாக மோதினால் கல்லில் பிறை பிறையாக வெடிப்பு விழும், மெருகு வராது. பீப்பாயில் கற்கள் குறைவாக இருந்தால் அவை உயரத்திலிருந்து விழுந்து சிதறும். அதற்காகவே சிறு பீங்கான் துண்டுகளை இடையிடையே போடுகிறார்கள். அவை கற்களுக்கு மெத்தையாகின்றன. அடி விழாதபடி காப்பதும் மெருகேற்றும் வேலையின் பாதி என்பதை நான் அறியாமலிருந்தேன்.

எங்கள் முதல் பீப்பாய் பாழாய்ப்போனது. காங்கேயம் பக்கத்துச் செம்மண் காடுகளில் மழை பெய்து ஓய்ந்தால் கல் தேடி நடக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படிகம், பச்சைக்கல், சந்திரகாந்தக்கல் என்று பலவகைக் கற்களுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. நானும் மகனும் ஒரு சனிக்கிழமை வெங்கச்சங்கற்களும் இரண்டு மூன்று சந்திரகாந்தக்கற்களும் பொறுக்கிவந்தோம். தேவாலயத் தரை வேலையில் மிஞ்சிய பளிங்குத் துண்டுகள் சில கொல்லையில் கிடந்தன. அவற்றையும் சேர்த்துப் போட்டேன். எல்லாம் கல்தானே என்பது என் எண்ணம்.

பத்து நாள் கழித்துத் திறந்தபோது வெங்கச்சங்கற்கள் முனை மழுங்கி நன்றாயிருந்தன. சந்திரகாந்தக்கற்களில் ஒன்று தகடு தகடாகப் பிளந்து கிடந்தது. பளிங்கைக் காணவில்லை. சேற்றைத் துழாவியபோது பட்டாணி அளவில் இரண்டு வெள்ளைத் துணுக்குகள் கையில் தட்டுப்பட்டன.

ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812-ல் வகுத்த கடினத்தன்மை அளவுகோல் இதை விளக்குகிறது. அதில் வெங்கச்சங்கல் 7. பளிங்கு 3. கார்பரண்டம் 9-க்கும் மேல். ஏழும் மூன்றும் ஒரே பீப்பாயில் உருண்டால், ஏழு மெருகேறும், மூன்று கரைந்துபோகும். சந்திரகாந்தக்கல் 6 என்றாலும் அதன் உட்புறத்தில் பிளவுத்தளங்கள் உண்டு. வெளியே தெரியாத அந்தத் தளங்களின் வழியே அது உடையும். அதே பீப்பாய், அதே தூள், அதே நாட்கள். ஒன்றுக்கு மெருகு, ஒன்றுக்குப் பிளவு, ஒன்றுக்கு அழிவு.

அந்தத் துணுக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு சபையில் நடந்தது நினைவுக்கு வந்தது.

அன்று நான் அந்தப் பிரசங்கத்தைச் செய்து முடித்திருந்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். வீட்டில் கணவர் அடிப்பதாகச் சொன்னார். கையை முக்காட்டுக்குள் வைத்திருந்தார். நான் ஜெபித்தேன். பிறகு, "இப்பொழுதுதானே கேட்டீர்கள் அம்மா, ஆண்டவர் உங்களைப் பட்டை தீட்டுகிறார், பொறுமையாயிருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையசைத்துப் போனார். அடுத்த ஓராண்டு ஞாயிறுதோறும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னர் வருவது நின்றுபோயிற்று. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டுத் தேடிச்சென்றேன். திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். திரும்பி வரும்படி நான் மெல்லப் பேச்செடுத்தபோது அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்ன கல்லுக்கு வலிக்காதுங்க ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு என் இறையியல் பட்டத்தில் பதில் இல்லை. இந்த இயந்திரத்தை வைத்து உழைத்த பிறகுதான், அவர் கூற்றில் இருந்த மற்றொரு நியாயமும் எனக்குப் புரிந்தது. கல்லை மெருகேற்றுகிறவன்கூட நான் அவருக்குச் செய்ததைத் தன் கற்களுக்குச் செய்வதில்லை.

அவன் முதலில் கல்லைத் தெரிந்தெடுக்கிறான். ஒவ்வொன்றையும் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறான். வெடிப்புள்ள கல்லை ஒதுக்கிவைக்கிறான். உருட்டுவதால் வெடிப்பு ஆறாது; பெரிதாகும். வெடிப்புக்குள் பதுங்கும் பருந்தூள் கடைசிக் கட்டத்தில் வெளியே வந்து மற்றக் கற்களையும் கீறிவிடும். வாரந்தோறும் அவன் பீப்பாயைத் திறக்கிறான். சில கற்கள் வாயுவை வெளியிடுவதால், திறக்காத பீப்பாய் உப்பி மூடியே தெறிக்கக்கூடும். ஒரு கட்டம் முடிந்ததும் கல்லையும் பீப்பாயையும் தேய்த்துக் கழுவுகிறான். பருந்தூளில் ஒரு மணி ஒட்டியிருந்தாலும் மெருகு முழுவதும் வீணாகும். போதும் என்று தோன்றும் கல்லை வெளியே எடுத்துவிடுகிறான். கழுவிய சேற்றைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. அது சிமெண்டைப்போல் இறுகிக் குழாயை அடைத்துவிடும்.

நானோ திறந்து பார்க்கவில்லை. எத்தனை காலம் என்று கேட்கவில்லை. வெடிப்பு எங்கே என்று விசாரிக்கவில்லை. உள்ளே போட்டு மூடி, சுழலட்டும் என்று வந்துவிட்டேன். அதற்கு ஆண்டவருடைய பெயரையும் சூட்டினேன்.

அன்பானவர்களே, கல் மெருகேற்றுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தொல்லியல் அகழாய்வு நடந்தபோது, படிகம், பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம், அகேட் ஆகியவற்றில் செய்த மணிகளும், பாதி செய்து விட்டவையும், செதுக்கி எறிந்த சில்லுகளும் ஏராளமாகக் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இவ்வூரே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். குஜராத்தின் கம்பாத் நகரில் அகேட் மணி செய்யும் தொழில் இன்றும் தொடர்கிறது. அங்கே பழைய முறையில் மணிகளைக் கல்தூளோடும் தண்ணீரோடும் ஒரு தோல்பையில் இட்டுக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து நாட்கணக்கில் உருட்டிக்கொண்டிருப்பார்கள். இப்பொழுது மின்சாரப் பீப்பாய்கள் வந்துவிட்டன.

அதே கம்பாத்தில், சக்கரத்தில் கல்லைத் தேய்க்கும் தொழிலாளர்களில் பலர் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் மடிந்திருக்கிறார்கள். தேய்க்கும்போது எழும் நுண்தூசியை மூச்சோடு இழுப்பதால் வரும் நோய் அது. நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். குணமாக்கும் மருந்து இல்லை. அதன் காரணமாகவே வீட்டில் செய்கிற நாங்களும் தண்ணீரில்லாமல் தூளைக் கையாளுவதில்லை. சேற்றை உலரவிட்டுத் துடைப்பதில்லை. கல்லை அழகாக்கும் அதே உராய்வு, பக்கத்தில் இருக்கும் மனிதனை அழிக்கிறது. கல்லுக்கு ஏற்றது மாம்சத்துக்கு ஏற்றதாக வேண்டியதில்லை.

அப்படியானால் பாடுகள் நம்மை உருவாக்குவதில்லையா, வேதம் அவ்வாறு கூறவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது என்னும் கருத்தைப் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் முன்வைக்கிறார். ஆனால் யாருடைய உபத்திரவத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று பாருங்கள். கசையடியையும் சிறையையும் கப்பற்சேதத்தையும் கண்ட ஒருவர், "நாங்கள்" என்று தம்மையும் சேர்த்துப் பேசுகிறார். சிறுமைப்பட்டது நன்மையாயிற்று என்று 119-ம் சங்கீதக்காரன் அறிக்கையிடுவதும் தன்னைப்பற்றியே. பாடுபட்டவர் பின்னாளில் திரும்பிப்பார்த்து, தேவன் என்னை மெருகேற்றினார் என்று சொன்னால் அது சாட்சி. பக்கத்தில் நிற்கிறவன் முன்கூட்டியே அதைச் சொன்னால் அது தீர்ப்பு. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள். ஏழு நாள் அவனோடு மண்ணில் உட்கார்ந்து வாய்திறவாமல் இருந்தவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கிய பின்னரே கர்த்தருடைய கோபத்துக்கு ஆளானார்கள்.

வேதத்தில் கற்கள் எல்லாம் ஒரேவிதமாக நடத்தப்படவும் இல்லை. பிரதான ஆசாரியனுடைய மார்ப்பதக்கத்துக்குப் பன்னிரண்டு கற்கள் பொறிக்கப்பட்டன. தாவீது தன் கவணுக்கு ஐந்து உருட்டிய கூழாங்கற்களைத் தெரிந்துகொண்டான். ஆனால் பலிபீடத்தைக் கல்லினால் கட்டினால் வெட்டின கல்லைக் கொண்டு கட்டக்கூடாது, அதன்மேல் உளி படலாகாது என்று யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் கட்டளையுண்டு. தம்மைத் தொழும் இடத்துக்குத் தீட்டாத கல்லே போதும் என்று அவர் வைத்தார். மெருகேறின பிறகே ஆண்டவர் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று எண்ணி, வராத மெருகுக்காகத் தங்களையே நொந்துகொள்ளும் விசுவாசிகளை நான் அறிவேன். அவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாய் வாசிக்கவேண்டும்.

ஆகவே என் கருத்தை மறைக்காமல் கூறுகிறேன். துன்பத்திலிருக்கும் ஒருவரிடம், "தேவன் உன்னை மெருகேற்றுகிறார்" என்று நாம் சொல்லக்கூடாது. போதகர் பிரசங்கபீடத்திலிருந்து சொல்லக்கூடாது. மூப்பர்கள் வீடு சந்திப்பில் சொல்லக்கூடாது. பெண்கள் ஐக்கியத்தில் ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது. துக்கவீட்டில் உட்காருங்கள், சோறு கொண்டுபோங்கள், பேசவிடுங்கள். திரும்பத் திரும்பப் போங்கள். பீப்பாயைத் திறந்து பார்ப்பதற்குச் சமானமான காரியம் அதுவே.

மனிதர் செய்யும் கொடுமையை ஆண்டவருடைய சாணைக்கல் என்று அழைப்பதை முற்றிலும் விட்டுவிடுவோம். கணவன் அடிப்பது பயிற்சியன்று, பாவம். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அதைக் குடும்ப வன்முறையாகக் கண்டு, அதே வீட்டில் பாதுகாப்போடு குடியிருக்கும் உரிமைக்கும் பாதுகாப்பு ஆணைக்கும் வழி வைத்திருக்கிறது. 181 என்னும் பெண்கள் உதவி எண் எந்நேரமும் உண்டு. இந்த வரிகளை வாசிக்கும் சகோதரி எவருக்காவது அது தேவையாயிருந்தால், தயவுசெய்து அழையுங்கள். குருமனையின் கதவையும் தட்டலாம். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி இனி உங்களை நான் அனுப்பமாட்டேன்.

பளிங்கு சேர்க்காமல், ஒரே கடினமுள்ள வெங்கச்சங்கற்களை மட்டும் தெரிந்தெடுத்து நாங்கள் உருட்டிய இரண்டாம் பீப்பாய் சென்ற மாதம் முடிந்தது. முப்பத்தெட்டு நாள் ஆயிற்று. கற்கள் அளவில் குறைந்து, நனைந்தவை போன்ற பளபளப்போடு வந்தன. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தோம். ஒரு சிறுமி கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "இதுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள். இல்லை, கல்லுக்கு வலிக்காது என்றேன். சொல்லும்போதே எனக்கு அந்தத் திண்ணை நினைவுக்கு வந்தது.

சென்ற வாரம் அந்தச் சகோதரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன், விளக்கம் ஏதும் சேர்க்கவில்லை. பதில் வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை. அந்தப் பட்டாணி அளவுப் பளிங்குத் துணுக்குகள் இரண்டும் என் மேசையில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமிழில் இருக்கின்றன. பிரசங்கம் ஆயத்தம்பண்ணும்போது கண்ணில் படட்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஆண்டவரே, உம்முடைய பெயரால் நாங்கள் அவசரப்பட்டுச் சொன்ன சொற்களை மன்னியும். காயப்பட்டவர்களுக்கு அருகில் வாய்மூடி உட்காரக் கற்றுத்தாரும். பயத்தோடு வீட்டுக்குத் திரும்புகிற ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பான கதவு ஒன்றைத் திறந்தருளும். ஆமென்.

உங்கள் போதகர்